உள்ளே இருப்பது எல்லாருக்கும் சொந்தம், கவர் யாருக்கு? லினக்ஸ் சிடி அட்டைகளின் கதை

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குப் பேசப் போற பொருளை உங்களில் பாதிப் பேர் கையில் தொட்டே இருக்க மாட்டீங்க. சிடி கவர். பாட்டு சிடி, சினிமா சிடி கவர் இல்லை. லினக்ஸ் மாதிரியான கட்டற்ற இயங்குதளங்கள் 15, 20 வருஷத்துக்கு முன்னால் எந்தக் கவரில் வந்தன, அந்தக் கவரில் என்ன அச்சடித்திருந்தார்கள், ஏன் அப்படி அச்சடிக்க வேண்டி வந்தது என்பதுதான் கதை. இதெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிக்காதீங்க. கொஞ்சம் கேளுங்க.

ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக்கோங்க. டப்பா சோப்பைப் பாதுகாக்கும், கடையில் உங்கள் கண்ணை இழுக்கும், விலை சொல்லும். வேலை முடிந்தது. இப்போது டப்பாவுக்குள் இருப்பதை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், ஊருக்கே கொடுக்கலாம், அதற்கு விலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பா எதை விற்கும்? யாரிடமிருந்து எதைப் பாதுகாக்கும்? கட்டற்ற மென்பொருளின் கவர் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், அந்தக் கவர் செய்த ஒரே பெரிய வேலை, ‘இதை நம்பி உங்க கம்ப்யூட்டரில் போடலாம்’ என்று ஒரு அந்நியரிடம் சொன்னது. இது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது எங்க ஊர் மாதிரி இடத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

நான் வளர்ந்தது திருமானூர். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற ஊர். பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கள் முகவரியில் மாவட்டப் பெயரே நிலையாக இல்லை. பெரம்பலூர் மாவட்டமாக இருந்தது, 2001-இல் அரியலூர் மாவட்டம் ஆனது, அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர் மாவட்டம். வெளிநாட்டிலிருந்து வரும் தபாலுக்கு முகவரி எழுதும்போது எதைப் போடுவது என்று நாங்கள் யோசித்ததெல்லாம் நிஜம்.

வெளிநாட்டுத் தபால் எதற்கு? கணக்கைப் பாருங்க. ஒரு சிடியில் 700 எம்பி. டயல்-அப் மோடத்தில், 56 கேபிபிஎஸ் முழு வேகமும் கிடைத்தால்கூட (கிடைக்காது), 29 மணி நேரம் தொடர்ந்து இறக்க வேண்டும். நடுவில் யாராவது போன் பண்ணிவிட்டால் கதை முடிந்தது. மத்திய அரசின் 2004 பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்த வேகத்தில் ஆறு மணி நேரத்துக்கும் மேல். பிஎஸ்என்எல்லின் சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது என்று ஒரு சலுகை இருந்தது. ஆறு மணி நேரம். 256-இல் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 690 எம்பி வரும். அதாவது சிடி முழுசாக இறங்கும் முன்பே எட்டு மணி அடித்துவிடும்! ‘இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது’ என்ற வாக்கியத்துக்குத் திருமானூரில் அப்போது பெரிதாக அர்த்தம் இல்லை. மென்பொருள் என்றால் வட்டு. வட்டு என்றால் யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருந்தார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார், தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகள். வெள்ளைக் காகிதக் கவர், நடுவில் வட்டமாக பிளாஸ்டிக் ஜன்னல், வட்டின் மேல் மார்க்கர் பேனாவில் ‘எக்ஸ்பி’ என்று கிறுக்கல். உள்ளே விண்டோஸ். கவரில் எந்தப் பெயரும் இருக்காது, ஏனென்றால் பெயர் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தலைமுறைக்கே மென்பொருள் கவர் என்றால் இந்த வெள்ளைக் கவர்தான். அதனால் யாராவது ஒரு வட்டை நீட்டி ‘இது ஃப்ரீ’ என்றால் எங்களுக்கு உடனே தோன்றியது ரெண்டே விஷயம்: ஒன்று திருட்டு, இல்லாட்டி வைரஸ்.

இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போகலாம். ஏன்னா ‘உள்ளே இருப்பது எல்லாருடையது, கவர் யாருடையது’ என்ற குழப்பம் நம்ம ஊரில் ஆரம்பித்தது இல்லை.

கட்டற்ற மென்பொருளின் ஆரம்பத்தில் சிடியே கிடையாது, காந்த நாடாதான். 1985 வாக்கில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தன்னுடைய ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அதே மென்பொருளை நெட்வொர்க் வசதி இருந்தவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். நாடா, உழைப்பு, தபால், இதற்குத்தான் காசு. லினக்ஸ் சிடிக்கு ஏறியது 1992 கடைசியில், இக்ட்ராசில் என்ற அமெரிக்க நிறுவனம் வழியாக. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் லினக்ஸை சிடியில் அழுத்தி விற்க ஆரம்பித்தன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லையே.

அனுமதி கேட்க வேண்டாம் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. டெபியன் என்ற திட்டம் 1993-இலிருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது. அவர்கள் தங்கள் 1.0 பதிப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தபோது, இன்ஃபோமேஜிக் என்ற சிடி நிறுவனம் பாதி வேலையில் இருந்த ஒரு பிரதியை எடுத்து, ‘டெபியன் 1.0’ என்று பெயரிட்டு சிடியாக வெளியிட்டுவிட்டது. 1995 டிசம்பரில் ரெண்டு தரப்பும் சேர்ந்து, அந்தப் பதிப்பு சரியில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதன் பிறகு உண்மையான 1.0-ஐ வெளியிட்டால் மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்று அந்த எண்ணையே விட்டுவிட்டார்கள். 1996 ஜூனில் வந்த முதல் முறையான பதிப்பு 1.1. இன்று வரை டெபியன் 1.0 என்று ஒன்று அதிகாரப்பூர்வமாக இல்லை. வட்டில் யாரோ ஒட்டிய பெயர், ஒரு இயங்குதளத்தின் வரலாற்றிலிருந்து ஒரு எண்ணையே தின்றுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அடுத்த குழப்பம் ரெட் ஹாட். அவர்கள் அழகான பெட்டியில், புத்தகத்தோடு விற்றார்கள். உள்ளே இருந்த மென்பொருள் கட்டற்றது என்பதால் சீப்பைட்ஸ் என்ற கம்பெனி அதையே நகலெடுத்துச் சில டாலருக்கு விற்றது. சட்டப்படி சரிதான். ஆனால் ‘ரெட் ஹாட்’ என்ற பெயர் வணிக முத்திரை, அதைக் கவரில் போடக் கூடாது. சிவப்புத் தொப்பி என்ற பெயரைப் போட முடியாதவர்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? ‘பிங்க் டை லினக்ஸ்’ என்று போட்டார்கள். இளஞ்சிவப்பு டை. வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும், வக்கீலுக்கு வேலை இருக்காது. நம்ம ஊர் ஹோட்டல்களில் ‘ஒரிஜினல்’, ‘பழைய’, ‘புதிய’ என்று பெயர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஓபன்பிஎஸ்டி இன்னும் நேரடியாக விஷயத்துக்கு வந்தது. கனடாவிலிருந்து தியோ டி ராட் நடத்தும் இந்தத் திட்டம் பாதுகாப்புக்குப் பெயர் போனது. அவர்களுடைய மென்பொருள் முழுக்க இலவசம், ஆனால் அதிகாரப்பூர்வ சிடியில் கோப்புகளை அடுக்கியிருக்கும் அமைப்புக்கு மட்டும் டி ராட் காப்புரிமை வைத்திருந்தார். கோப்புகளை எடுத்துக்கோ, உன் சிடியை நீயே பண்ணிக்கோ, எங்கள் சிடியை அப்படியே நகலெடுக்காதே என்பதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு பதிப்புக்கும் பஃபி என்ற முள்மீனை வைத்துப் புது ஓவியம், கூடவே ஒரு பாட்டு. ரசிகர்கள் கவருக்காகவே வாங்கினார்கள், அந்தக் காசில் திட்டம் ஓடியது. 2016 செப்டம்பரில் வந்த 6.0 பதிப்புதான் சிடியில் வந்த கடைசி. சிலர் இந்த ஏற்பாட்டைக் கட்டற்ற கொள்கைக்கு முரண் என்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட ஒருவர் சாப்பாட்டுக்குக் கவரை மட்டும் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, இப்போது உபுண்டு. இதற்காகத்தான் இந்த எபிசோடே.

மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். தன்னுடைய தாவ்ட் நிறுவனத்தை 1999-இல் வெரிசைனுக்குப் பல நூறு மில்லியன் டாலருக்கு விற்றார், 2002-இல் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய் வந்தார். அடுத்து டெபியனை அடிப்படையாக வைத்து உபுண்டுவை ஆரம்பித்தார். முதல் பதிப்பு 2004 அக்டோபர், அதனால் அதன் எண் 4.10. கூடவே ஷிப்இட் என்று ஒரு சேவை. இணையத்தில் பெயர், முகவரி கொடுத்தால் போதும், அச்சடித்த சிடிகள் உலகத்தின் எந்த மூலைக்கும் தபாலில் வரும். சிடிக்கும் காசு இல்லை, தபாலுக்கும் இல்லை. செலவு முழுக்க அவருடைய கனோனிக்கல் நிறுவனத்துடையது.

தஞ்சாவூர் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து அந்தப் படிவத்தை நிரப்பிய ஆள் நான். வாரக்கணக்கில் காத்திருக்கணும். பிறகு ஒரு நாள் தபால்காரர் வந்து ‘தம்பி, ஃபாரின்லேர்ந்து வந்திருக்கு’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டில் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாகப் பேச்சு.

அந்தக் கவரைக் கொஞ்சம் விவரமாகச் சொல்றேன். பிளாஸ்டிக் பெட்டி இல்லை, அட்டை. வட்டு மட்டும் 15, 16 கிராம்தான். வழக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் 100 கிராமை நெருங்கும், உடையவும் செய்யும். அட்டை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. லட்சக்கணக்கில் இலவசமாக அனுப்புகிறவருக்கு இந்தக் கிராம்கள்தான் பணம். முதல் பதிப்புகளில் ரெண்டு வட்டு இருந்ததால் கவர் புத்தகம் மாதிரி திறக்கும். ஒன்று நிறுவுவதற்கு, இன்னொன்று நிறுவாமலே ஓட்டிப் பார்க்க. 2006 ஜூனில் வந்த 6.06-இல் ரெண்டு வேலையும் ஒரே வட்டுக்குள் வந்துவிட்டது, கவரும் ஒற்றையாக இளைத்தது.

நிறம் பழுப்பு. கம்ப்யூட்டர் உலகமே நீலமாக இருந்தபோது இவர்கள் மண் நிறத்தை எடுத்தார்கள். லோகோவில் மூணு பேர் கை கோத்து வட்டமாக நிற்பதை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வடிவம். மனிதர்களுக்கான லினக்ஸ் என்பது முழக்கம். 2010 மார்ச்சில் இதெல்லாம் ஆரஞ்சும் கத்திரிப்பூ நிறமுமாக மாறியது, நன்றாகவே இருந்தது. ஆனாலும் பழைய பழுப்பில் ஒரு சாந்தம் உண்டு. தொழில்நுட்பப் பொருள் மாதிரியே இருக்காது, ஏதோ காபித் தூள் பாக்கெட் மாதிரி இருக்கும். வீட்டில் அம்மா பயப்படாமல் எடுத்துப் பார்த்த ஒரே கம்ப்யூட்டர் சாமான் அதுதான்.

ஆனால் முக்கியமானது பின்பக்கத்தில் இருந்தது. இந்த வட்டை நகலெடுக்க, மாற்ற, நண்பர்களுக்குக் கொடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, அப்படிச் செய்யுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். எல்லா சிடியிலும் ‘நகலெடுப்பது குற்றம்’ என்றுதானே இருக்கும்? இதில் நேர் தலைகீழ். அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நண்பன் ‘அச்சுப் பிழையாடா?’ என்று கேட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2004-இல்தான் தமிழ்நாட்டு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. திருட்டு விசிடி விற்றால் குண்டர் சட்டத்தில் உள்ளே போகலாம். கடைகளில் ரெய்டு நடக்கும், மறுநாள் பேப்பரில் வட்டுகளைக் குவித்து வைத்துப் படம் வரும். அந்தக் காலத்தில், அந்த மாநிலத்தில், தபாலில் வந்த ஒரு வட்டு ‘என்னை நகலெடு’ என்கிறது. கவர் மட்டும் அவ்வளவு ஒழுங்காக, நாலு கலரில், பெயரும் முகவரியும் போட்டு அச்சாகி வந்திருக்காவிட்டால் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதே மென்பொருளை நான் வெற்று சிடியில் எழுதி வெள்ளைக் கவரில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கி மேசையில் வைப்பார்கள், அங்கேயே இருக்கும். அட்டைக் கவரில் கொடுத்தால் போட்டுப் பார்ப்பார்கள். பைட்டுக்கு பைட் ஒரே பொருள்தான்.

அரசாங்கத்தின் பெயரும் இந்த வேலையைச் செய்தது. 2005 ஏப்ரலில், தயாநிதி மாறன் தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தபோது, மத்திய அரசு தமிழ் மென்பொருள் சிடி ஒன்றை வெளியிட்டது. எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழ் இடைமுகத்தோடு ஓபன் ஆபிஸ் எல்லாம் அதில் இருந்தன. பதிவு செய்தால் இலவசமாக வீட்டுக்கு வரும். அது இயங்குதளம் இல்லை, விண்டோஸ் மேல் போடும் மென்பொருள்கள்தான். ஆனாலும் ‘இலவச வட்டு, திருட்டு இல்லை’ என்ற எண்ணத்தை நம்ம ஊரில் பழக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ் வந்தது, அதுவும் டெபியன் அடிப்படையிலானது. அதை அப்புறம் பார்ப்போம்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்க மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடுவார்கள். அன்றைக்கு ஊர்ப் பள்ளிகளில் கொடுக்க, பத்துப் பேர் காசு போட்டு 500 சிடி, தமிழ்க் கவரோடு பண்ணலாம் என்று முடிவெடுத்தோம். எந்த லினக்ஸ்? டெபியன். காரணம் கேட்டால் சிரிப்பீங்க: லோகோ. டெபியனுக்கு ரெண்டு லோகோ. ஒன்று அதிகாரப்பூர்வ வேலைக்கு மட்டும், இன்னொன்று, அந்தச் சிவப்புச் சுழி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அச்சடிக்க யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

அச்சடித்தது தஞ்சாவூரில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில். அந்த முதலாளி எங்களுக்குப் பாடமே எடுத்தார். வட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர். கவரின் உள்ளளவு 125 வேண்டும். 121 வைத்தால் வட்டு வெளியே வராது, 130 வைத்தால் உள்ளே ஆடி ஆடிக் கீறல் விழும். ஓரத்தில் மூணு மில்லிமீட்டர் நிறம் கூடுதலாக ஓட விடணும், இல்லாட்டி வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். டை செய்து வெட்டினால் அழகாக வரும், ஆனால் 500-க்கு டை செலவு கட்டாது. ‘எல்லாம் நேர்க்கோடா போடுங்க தம்பி, நான் கட்டிங் மிஷின்ல வெட்டித் தர்றேன், காது மடிப்பு மூலையை மட்டும் நீங்க கத்திரிக்கோல்ல நறுக்கிக்குங்க’ என்றார். ரெண்டாயிரம் மூலை நறுக்கினோம். ஹாஸ்டல் முழுக்க பசை வாடை.

டிசைன்தான் பெரும்பாடு. கட்டற்ற மென்பொருளின் கவரைக் கட்டற்ற மென்பொருளில்தான் செய்வோம் என்று எங்களுக்கு ஒரு வைராக்கியம். அச்சகத்தில் இருந்ததோ பேஜ்மேக்கர், பழைய எழுத்துருக்கள், யூனிகோட் அதில் வேலை செய்யாது. எங்களிடம் இருந்தவை ரெண்டு. இங்க்ஸ்கேப்பில் தமிழ் அழகாக வரும், ஆனால் அது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலத்தில்தான் நிறத்தைக் கொடுக்கும். ஆஃப்செட்டுக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலாகப் பிரித்துக் கொடுக்கணும். ஸ்க்ரைபஸ் அந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்யும், ஆனால் தமிழ் வராது. ‘கெ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பை யூனிகோடில் மெய்க்குப் பிறகு சேமிப்பார்கள், திரையில் முன்னால் இழுத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையை ஸ்க்ரைபஸ் அப்போது செய்யவில்லை.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். எங்கள் திருமானூர் ஒன்றியத்தில்தான் ஏலாக்குறிச்சி இருக்கிறது, வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். 18-ஆம் நூற்றாண்டில் எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு எழுத்தில் தெளிவாகத் தெரியும்படி செய்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள், அதனால் குறிலா நெடிலா என்று படிப்பவர் ஊகிக்கணும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று அவர் பிரித்துத் தந்த அதே கொம்போடு, அவர் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வழி கிடைத்தது. தமிழை இங்க்ஸ்கேப்பில் தட்டி, எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, அந்தப் படத்தை ஸ்க்ரைபஸுக்குள் கொண்டுபோய், அங்கே நிறம் பிரித்துப் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துப் பிழை கண்டால் திருத்த முடியாது, முதலிலிருந்து செய்யணும். பிழை பார்க்க மட்டும் ஒரு தமிழாசிரியரைக் கெஞ்சி உட்கார வைத்தோம்.

அவரோடுதான் பெரிய சண்டை. கவரில் ‘ஃப்ரீ’ என்பதற்கு என்ன போடுவது? ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்கு விலையில்லாதது, சுதந்திரமானது என்று ரெண்டு அர்த்தம். அதை விளக்கியே ஆங்கிலக்காரர்கள் களைத்துப்போனார்கள். தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை: இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆனால் வேறொரு கஷ்டம் இருந்தது. 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து, ஊர் ஊராக இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ‘இலவசம்’ என்று போட்டால் அரசாங்கத் திட்டம் என்று நினைத்து ரேஷன் கார்டை எடுத்து வருவார்கள் என்றார் ஆசிரியர். ‘கட்டற்ற’ என்று போட்டால் கட்டுப்பாடு இல்லாத, அடங்காத என்று படிப்பார்கள் என்றான் ஒரு நண்பன். ‘திறமூலம்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ரெண்டு நாள் பேசினோம்.

முடிவில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டு வினைச்சொல்லாக எழுதினோம். இந்த வட்டை நகலெடுக்கலாம். அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிரித்துப் பார்த்து மாற்றலாம். காசுக்கு விற்கவும் செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது. அதற்குக் கீழே ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சின்ன எழுத்தில். அச்சக முதலாளி இதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘சிடியை நகலெடுக்கலாம்னு என் பிரஸ்ல அடிச்சா போலீஸ் என்னையில்ல தேடும்?’ என்றார். உரிமத்தின் ஆங்கிலப் பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டி, ஆசிரியரைக் கூட்டிப்போய்ப் பேச வைத்த பிறகுதான் மிஷின் ஓடியது. அச்சகத்தின் பெயரைக் கவரில் போட மட்டும் கடைசி வரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான், அவருக்குக் குடும்பம் இருக்கிறது.

இந்தக் கவர் உலகம் சீக்கிரமே முடிந்தது. 2011 ஏப்ரலில் ஷிப்இட்டை மூடுவதாக கனோனிக்கல் அறிவித்தது. இணையம் வேகமாகிவிட்டது, பென் டிரைவ் வந்துவிட்டது, செலவும் தாங்கவில்லை. அடுத்த வருஷம், 2012 அக்டோபரில் வந்த 12.10-ஓடு உபுண்டு ஒரு சிடிக்குள் அடங்கும் அளவையே தாண்டிவிட்டது. அதுவரை 700 எம்பிக்குள் அடைக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. எல்லா மொழிகளின் தொகுப்பையும் வட்டில் வைக்க இடமில்லை, தமிழை முழுசாகப் பெற இணையத்திலிருந்து இறக்கணும். இணையம் இல்லாததால்தான் வட்டையே தபாலில் வாங்கினோம் என்பதை நினைவில் வையுங்க.

அதே 2011-இல், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு வகையில் இதுவரை யாராலும் முடியாத அளவுக்கு லினக்ஸ் வீடு வீடாகப் போனது, திருமானூருக்கும் வந்தது. ஆனால் கவர் இல்லை. மடிக்கணினியிலும் பையிலும் முதலமைச்சர் படம் இருந்தது, உள்ளே இருக்கிற இன்னொரு இயங்குதளம் என்ன, யார் செய்தது, அதை என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல ஒரு அட்டை இல்லை. ஆன் பண்ணியதும் ரெண்டு பெயர் வரும், ஒன்று தெரிந்தது, இன்னொன்று தெரியாதது. ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தி பெண், பக்கத்து வீட்டுப் பையன் என்று யாராவது மடிக்கணினியோடு வருவார்கள். பெரும்பாலும் பாஸ் அழிந்திருக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்து ‘கிளீன்’ பண்ணி, வெள்ளைக் கவர் வட்டிலிருந்து முழு விண்டோஸ் ஏற்றியிருப்பார்கள். சட்டப்படி அவர்களுக்குச் சொந்தமாக வந்த இயங்குதளத்தை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியை, அதுவும் காசு கொடுத்து! பிள்ளைகளை இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ரூபாய் அட்டையில் நாலு வரி தமிழில் அடித்துப் பையில் போட்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய டெபியன், உபுண்டு வட்டுகளின் உள்ளடக்கம் இன்றும் அந்தந்தத் திட்டங்களின் சர்வர்களில் பத்திரமாக இருக்கிறது, 2004-இன் 4.10-ஐக்கூட இறக்கிக்கொள்ளலாம். கவர்கள் அப்படி இல்லை, ஆளாளுக்கு எடுத்த போட்டோவாக அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. தமிழில் அச்சான கவர்கள் சுத்தமாகக் கண்ணில் படுவதில்லை. நாங்கள் அடித்த 500-இல் என்னிடம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கொடுத்தாச்சு. உங்க வீட்டு அலமாரியில், கல்லூரி லேபில், பழைய லினக்ஸ் சிடி கவர் எது கிடைத்தாலும் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. பின்பக்கம் ரொம்ப முக்கியம், மறந்துடாதீங்க.